ஒரே பெட்டியா, இரண்டு பெட்டியா

நரசிம்மன் எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் ஒரு கோப்பு திறப்பார். கடலோர டவுன்ஷிப்பில் குடியிருந்துகொண்டு, அணு ஆராய்ச்சி மையத்தில் மீட்டர்களையும் வால்வுகளையும் பதினாறு வருடமாகச் சரிபார்த்து வந்தவர். ஒரு பம்ப் நின்றால் இன்னொன்று ஓடவேண்டும், ஒரு ஒயர் அறுந்தால் இன்னொன்று தாங்கவேண்டும் என்பதே அவருடைய வேதம். அதை ஆபீஸோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். இட்லிப் பாத்திரம் வாங்குவதற்கே மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கிய மகானுபாவர் அவர்.

2002-ம் வருடத் தொடக்கத்தில் அவர் திறந்திருந்த கோப்பு டிவியைப் பற்றியது. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் காசிநாதன் வைத்திருந்த கடையில், வயிற்றிலேயே விசிடி பிளேயர் பொருத்திய டிவி வந்திருந்தது. ஒரே பெட்டி, ஒரே பிளக், ஒரே ரிமோட். இல்லையென்றால் டிவி தனி, பிளேயர் தனி. இதில் எது உசத்தி? வீட்டிலிருந்த பழைய டிவியில் ஆன்டெனா ஒயர் சொருகும் ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை கிடையாது. ஆகவே எதையாவது வாங்கித்தான் தீரவேண்டும்.

வாங்கவேண்டிய அவசரம் அவருடைய மனைவி சியாமளாவுக்கு. போன ஆவணியில் கும்பகோணத்தில் அவளுடைய ஒரே தங்கை வசுமதிக்குக் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்னால் சியாமளா மாடிப்படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். "டாக்ஸி வெச்சு நானே அழைச்சுண்டு போறேன்" என்றார் நரசிம்மன். கிளம்பவேண்டிய அன்று சாயங்காலம் வந்து, "ஷட்டவுன் வேலை, லீவு தரமாட்டேன்னுட்டா" என்றார். கட்டின பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள் சியாமளா. ஐப்பசியில் கல்யாண விசிடி, மூன்று டிஸ்க்காக, தபாலில் வந்தது. அதைப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

"எதிர் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கே, அங்கே போட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உன் தங்கை கல்யாணத்தை அடுத்தவா வீட்டுல உட்கார்ந்தா பார்க்கறது? அடுத்த வாரமே வாங்கிடலாம்" என்றார் நரசிம்மன், வெகு ரோஷமாக.

அந்த அடுத்த வாரம் நாலு மாதமாக வந்துகொண்டே இருந்தது. கோப்பு மட்டும் கொழுத்தது. உப்புக் காற்றில் பிளேயர் துருப்பிடித்தால் டிவியும் சேர்ந்து ரிப்பேருக்குப் போகும், எனவே ஒரே பெட்டி ஆபத்து. இரண்டு பெட்டி என்றால் மூன்று ஒயர், ஆறு முனை, முனைக்கு முனை துரு, எனவே அதுவும் ஆபத்து. அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் எழுபத்திரண்டு வாங்கின. காசிநாதனிடம் சீல் வைத்த கவரில் விலை கேட்டார். அந்த மனுஷர் கல்யாணப் பத்திரிகை வந்த கவர் ஒன்றில் போட்டுக் கொடுத்து, "இன்னா சார், டிவி வாங்கறீங்களா, பாலம் கட்றீங்களா?" என்று கேட்டார்.

காலையில் ஆபீஸ் பஸ் ஓட்டும் கோதண்டராமன் பக்கத்துப் புதுப்பட்டினத்துக்காரர். அவரும் டிவி வாங்க நரசிம்மனிடம்தான் யோசனை கேட்டார். நரசிம்மன் மூன்று நாள், பஸ் போகிற நேரமெல்லாம் விளக்கினார். நாலாம் நாள் கோதண்டராமன் ஒரே பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"நீ சொன்னதெல்லாம் கரீட்டு சார். ஆனா எங்க வூட்ல எம் பொஞ்சாதி வேண்டா கீதே, அது ஒரு பிளக்குக்கு மேல சொருவ மாட்டேன்னிச்சு."

மாசியில் வசுமதியிடமிருந்து போன் வந்தது. கல்யாணமானதும் பம்பாய் போனவள், சென்னைக்கு ஒரு வேலையாக வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருவாள். போனை வைத்த சியாமளாவின் முகம் வெளுத்திருந்தது.

"கல்யாண விசிடி பார்த்தாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு தடவை பார்த்தேன், அழுதேன்னு சொல்லியிருக்கேன். அவ வரதுக்குள்ள ஒருதரம் பார்த்துடணும். இல்லேன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சனிக்கிழமை நரசிம்மன் செங்கல்பட்டு போனார். காசிநாதன் கடையில் இரண்டையும் ஓட விட்டு, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் கழித்து, புதிதாக இரண்டு விளம்பரத் தாள்களோடு வீட்டுக்கு வந்தார். சியாமளா அந்தத் தாள்களைப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்த வசுமதி, காபி குடித்த கையோடு, "அக்கா, அந்த விசிடியைப் போடேன். சேர்ந்து பார்க்கலாம்" என்றாள்.

நரசிம்மன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உப்புக் காற்றிலிருந்து ஆரம்பித்தார். மதிப்பெண் அட்டவணை வரை போனார். வசுமதி கெட்டிக்காரி, பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"அப்போ அக்கா இன்னும் பார்க்கவே இல்லையா, அத்திம்பேர்?"

சியாமளா தலை குனிந்துகொண்டாள். நரசிம்மனுக்கு அவமானத்தில் காது சுட்டது. உடனே பேண்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பெண்களையும் ஆட்டோவில் ஏற்றி, எந்தப் பெட்டியைப் பற்றி மூன்று நாள் பஸ்ஸில் பாடம் நடத்தினாரோ அந்தப் பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வா சார், வா வா! ஏ வேண்டா, சாருக்கு டீ போடு" என்றார் கோதண்டராமன். டிஸ்குகளை வாங்கி, முதல் டிஸ்கை டிவியின் வாய்க்குள் தள்ளினார். எண்ணி ஒரு நிமிஷத்தில் நாதஸ்வரம் கேட்டது. நாலு மாதக் கோப்புக்கு அந்த ஒரு நிமிஷம்தான் மதிப்பு என்று நரசிம்மன் தன்னையே நொந்துகொண்டார்.

ஊஞ்சல் வந்தது. ஊஞ்சலில் வசுமதி. சித்திமார்கள் பாலும் பழமும் கொடுத்து, திருஷ்டிக்கு வர்ண சாத உருண்டைகளைச் சுற்றிப் போட்டார்கள். முதலில் சுற்றவேண்டியவள் அக்கா. படத்தில் வசுமதி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படியாவது வந்துடுவேன்னு நினைச்சேங்கா. வாசல்ல கார் சத்தம் கேட்டா நீதான்னு பார்ப்பேன்."

"லீவு கிடைக்கலையேடி. இவர் என்ன பண்ணுவார், பாவம்" என்றாள் சியாமளா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தப் 'பாவம்' நரசிம்மனை அறைந்தது. உப்புக் காற்றும் இல்லை, துருவும் இல்லை. இந்த ஊஞ்சலை இவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் நாலு மாதம் அட்டவணை போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஊரையே ஏமாற்றலாம், இவ்வளவு பாடுபட்டுத் தன்னையே ஏமாற்றிக்கொண்ட முட்டாளை அவர் அதுவரை கண்டதில்லை.

"சியாமளா, நான் லீவு கேட்கவே இல்லை" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். டீயோடு வந்த வேண்டா கதவருகிலேயே நின்றாள்.

"அடுத்த மாசம் புரமோஷன் இன்டர்வியூ இருந்தது. அந்த நேரத்துல லீவு கேட்டா ஆபீஸ்ல பெரியவர் என்ன நினைப்பாரோன்னு பயந்துட்டேன். கேட்டிருந்தா கொடுத்திருப்பார். புரமோஷனும் வரலை. உன்கிட்ட பொய் சொன்னேன்."

சியாமளா அவரையே பார்த்தாள். படத்தில் யாரோ சிரித்தார்கள், ஊஞ்சல் பாட்டு பாடினார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. நரசிம்மன் அதற்குத்தான் அதிகம் பயந்தார்.

"கோதண்டராமன்" என்றாள் அவள், கடைசியில். "முதல்லேர்ந்து போடுங்கோ."

"மொதல்லேர்ந்தா? மூணு டிஸ்க் கீதேம்மா."

"மூணும் போடுங்கோ. இவர் எழுந்திருக்காம பார்க்கணும்."