கை வைத்த முட்டை

தையற்காரி அக்காவுக்கும் பள்ளி வேன் ஓட்டும் தம்பிக்கும் வேறு நாதியில்லை. கல்யாணப் பேச்சையெல்லாம் இருவருமே எப்போதோ தாண்டி வந்துவிட்டார்கள்.

தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி, தம்பி செய்த இன்குபேட்டரில் பன்னிரண்டு கோழி முட்டைகளை அடைவைத்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் அக்கா இஸ்திரிப் பெட்டிக்காக அதன் பிளக்கைப் பிடுங்கினாள். வேலை மும்முரத்தில் திரும்பச் செருக மறந்துபோனாள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் முட்டைகள் சில்லிட்டிருந்தன. அவள் மறைக்கவில்லை. தம்பியும், "விடுக்கா, பாப்போம்" என்றதோடு சரி. அவன் திட்டாததுதான் அவளைத் தின்றது.

இருபத்தோராம் நாள் இரண்டு முட்டைகளில் மட்டும் ஓட்டை விழுந்தது. மறுநாள் மதியமாகியும் அது பெரிதாகவில்லை. ஒன்றில் குஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

"கைய மட்டும் வச்சிடாதக்கா. உள்ள ரத்தம் வத்தணும், மஞ்சக்கரு வயித்துக்குள்ள போகணும். அதுவா வரட்டும்."

"அதுக்கு ஏதுடா தெம்பு? நான் பண்ணின வேலைக்கு அது சாகக் கிடக்குது. சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்றியா?"

போனை வைத்துவிட்டு, வெந்நீரில் பஞ்சை நனைத்து முட்டையோட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். பட்டுத்துணியில் தையல் பிரித்துப் பழகிய விரல்கள். நாலாவது சில்லோடு நரம்பு அறுந்து ரத்தம் துளிர்த்தது. பதறிப்போய்ப் பெட்டியை மூடினாள். தம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மஞ்சள் கரு பாதி வெளியே கிடந்தது.

"தொடாம இருந்திருந்தா பொழைச்சிருக்குமாடா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்க்கா."

மற்ற முட்டையின் பக்கமே அவள் போகவில்லை. தம்பிதான் நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். அது விட்டுவிட்டுக் கத்தியது. அவன் தொடவில்லை. விடியும்போது அதுவும் ஓய்ந்துவிட்டது.

உடைத்துப் பார்த்தான். மஞ்சள் கரு முழுக்க உள்ளே போயிருந்தது. சொட்டு ரத்தம் இல்லை. சவ்வு மட்டும் காகிதமாகக் காய்ந்து, குஞ்சை அசையவிடாமல் இறுக்கியிருந்தது.

"நேத்தே பிரிச்சு விட்டிருந்தா வந்திருக்கும்க்கா. எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி உனக்குச் சொன்னேனே..."

அக்கா அதை வாங்கி, ஒட்டியிருந்த சவ்வை நனைத்து நனைத்து எடுத்தாள். இனி என்ன அவசரம்? நகம் உட்பட முழுசாக ஒரு குஞ்சு.

"வண்டிய எடுடா. புள்ளைங்க ரோட்டுல நிப்பாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனார்கள்.