அறாக்கல்

தருமனின் சிறுநீரகத்தில் விளைந்த கல், அவன் தெருவில் ஓர் இழையையும் அறுபட விடவில்லை. ஆரணியில் அதற்கு அறாக்கல் என்று பேர். தறிக்குழியில் உட்கார்ந்தால் ஒன்றுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காத நெசவாளிகளின் உடம்பில்தான் அது விளையும். பத்து வருஷத்தில் மிளகளவு. அதற்குமேல் அவரவர் பிடிவாதம். மிளகளவு கல் ஒரு தறியைக் காக்கும். தருமனுடையது தெருவையே காத்தது. புடவையைத் தறியிலிருந்து அறுக்கும் நாளில் மட்டும் அவனைத் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். தெரு வேண்டாம் என்றது. அவனுக்கும் அந்த மவுசு பிடித்திருந்தது.

1996 ஆவணியில் அவன் மனைவி தேவகிக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. தொப்புள்கொடி அறுபடவில்லை. நர்ஸ் ரோஸி மூன்று கத்தரி மாற்றிப் பார்த்தாள். நஞ்சும் பிரியவில்லை. தேவகிக்கு உதிரம் போய்க்கொண்டே இருந்தது.

மாமியார் செல்லியம்மாள் வராந்தாவுக்கு ஓடிவந்தாள். “மாப்ள, அந்தக் கல்ல வச்சிகினு இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க? ஜல்தியா கெளம்புங்க!”

“எவ்ளோ தூரம் போணும், அத்த?”

“கொடி அறுபடுற வரைக்கும் போய்கினே இருங்க.”

ஆஸ்பத்திரித் தெருமுனை வரை ஓடித் திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்ற செல்லியம்மாள் இன்னும் போ என்று கையை வீசினாள். கடைவீதியைத் தாண்டினான். நூலுக்குத் தெருமுனை போதும்; உயிருள்ள கொடியை இந்தக் கல் எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று அவனுக்கே தெரியாது. வேலூர் சாலையில் ஒரு நெல் லாரியில் தொற்றிக்கொண்டான். நாலு பேர் மெச்சியதற்காக வளர்த்த கல் பெண்டாட்டியின் உயிரைக் கேட்கிறதே என்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

கண்ணமங்கலத்தில் எஸ்.டி.டி. பூத்துக்குள் பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ரோஸி எடுத்தாள். “இன்னும் அறுபடலீங்க. அவங்க கண்ணு சொருகுது. போங்க, போய்கினே இருங்க!”

லாரி வேலூரைத் தொட்டதும் மறுபடி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி சுழற்றினான்.

“அறுந்துடுச்சுங்க,” என்றாள் ரோஸி. “ரெண்டு பேரும் பொழைச்சிட்டாங்க. ஆனா நீங்க வந்துடாதீங்க. தேவகிக்குத் தையல் போட்டிருக்கு, ஒரு வாரத்துல அந்த நூல அறுத்துப் பிரிக்கணும்.”

மகளை அவன் எட்டாம் நாள்தான் பார்த்தான்.

இப்போதெல்லாம் அந்தத் தெருவில் ஒருத்திக்கு வலி எடுத்தால் கல் உள்ளவர்கள் வேலூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். டிக்கெட்டைக் கிழிக்க முடியாதபோது கண்டக்டர் காரணம் கேட்பதில்லை. விசிலை ஊதி, எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டச் சொல்கிறார்.