மழைக்கு ஓடும் டிவி

"மழை வந்தா உங்க வீட்ல ஒரே கொண்டாட்டம்தான் போல!" என்று கீழ்வீட்டு அம்மா சொன்னதும் தையல்காரி பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நேத்து மதியம் உங்க டிவி அலறிச்சே. போன மழைக்கும் அப்படித்தான். உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போகலையா?"

அவள் கணவன் பெயின்டர். ஊருக்கு அந்தக் கோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். மழை பெய்தால் தூரிகையைத் தொட முடியாது. ஆனாலும் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவான். கேட்டால், "மழை விடுமான்னு சைட்லயே உக்காந்திருந்தோம்" என்பான்.

சோறு போடும்போது கேட்டாள்: "மழையில நம்ம டிவி தானா ஓடுதாமே?"

"ஓடும். கிழட்டுப் பெட்டி, ஈரக்காத்து பட்டா அதுவா ஆன் ஆகுது" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

தலையைத் தூக்காததுதான் அவளுக்கு உறுத்தியது. யார் காதில் பூச்சுற்றுகிறான்? பகலில் வீட்டுக்கு வருகிறான். தனியாக வந்தால் மறைப்பானேன்?

மெக்கானிக்கை அழைத்தாள். பளீரென்று வெயிலடித்த நாள். அவர் பின்மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, நாலு தட்டுத் தட்டினார். "ஒரு குறையும் இல்லம்மா. தங்கமான பெட்டி."

அதன்பிறகு அவள் தலையணையை முகர்ந்தாள். சட்டைப் பைகளைத் துழாவினாள். கவிழ்த்த டம்ளர்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. தடயமே இல்லாமல் துடைத்து வைக்கிற அளவுக்கு இந்த மனுஷன் எப்போது இவ்வளவு சுத்தமானான் என்று அதற்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள்.

அடுத்த மழை பிடித்ததும் தையல் கம்பெனியில் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தொப்பலாக நனைந்து ஓடிவந்தாள். படியேறும்போதே உள்ளே ஆள் சிரிக்கும் சத்தம். சாவியைச் சத்தமில்லாமல் திருகினாள்.

யாருமில்லை. சமையலறை, குளியலறை, கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். பச்சை பூத்த திரையில் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டனை அமுக்கி அணைத்தாள். துண்டை எடுக்கத் திரும்பினாள், இடி இறங்கியது, டிக்கென்று டிவி மறுபடி பேச ஆரம்பித்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாவம், அந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! அவனைக் கூட்டிவரலாமென்று குடையை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்கே போனாள்.

காவல்காரர் கையை விரித்தார். "மழைன்னா காலையிலயே எல்லாரும் கிளம்பிருவாங்களேம்மா."

இறங்கிய சந்தேகப் பூதம் திரும்பவும் தோளில் ஏறிக்கொண்டது.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். "எங்க இருந்தீங்க?"

"சைட்லதான்."

"நான் அங்க போயிட்டுத்தான் வர்றேன்."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "உங்க அக்கா வீட்ல. சுவரெல்லாம் உதிருது. மழை நாள்ல சும்மாதானே இருக்கேன்னு உள்வேலை செஞ்சு குடுக்கிறேன். சொன்னா நீ சாமியாடுவ."

அம்மா இறந்துபோனபோது வந்த வாய்ச்சண்டையிலிருந்து அக்காவும் அவளும் முகம் பார்ப்பதில்லை. அதனாலேயே இது சௌகரியமான பொய்யாகவும் இருக்கலாமே? அவள் விசாரிக்கப் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரியாதா?

விடிந்ததும் போனாள்.

கதவைத் திறந்தது அக்காதான். அவள் தோளுக்கு மேலாகத் தங்கை எட்டிப் பார்த்தாள். கூடத்தின் ஒரு பக்கம் புதுசாக இளமஞ்சள். மறுபக்கம் இன்னும் காரை பெயர்ந்தபடி.

"என்னடி, வேவு பார்க்க வந்தியா?"

"ஆமாக்கா" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எதுக்கோ வந்தியே. உள்ள வா. சுவர்ல சாயாத, இன்னும் காயல."