சுகுமாறனைக் கடலுக்கு விடாத ரீல்

பண்டமாரானில் குடியிருக்கும் சுகுமாறனை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் இழுக்கும். மற்ற நாட்களில் அவர் போர்ட் கிளாங்கில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். காலையில் கடல் நிரம்பி இறங்கத் தொடங்கும்போது இழுப்பு ஆரம்பிக்கும். மதியம் நீர் வற்றி நிற்கும்போது தானாக நின்றுவிடும். மாலையிலும் கடல் ஒருமுறை ஏறி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவரை அது தொட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் என்று நினைத்ததோ என்னவோ. இழுப்பு என்றால் பறப்பதோ உருண்டு விழுவதோ இல்லை. நின்ற நிலையில், மேற்குப் பார்த்தபடி, ஆள் நடக்கும் வேகத்தில் சறுக்கிக்கொண்டு போவார். செருப்பு தேயும். மற்றபடி சேதம் கிடையாது.

இதற்கு மூல காரணம் ஒரு தலாங் மீன். சுகுமாறனுக்கு ஃப்ளை தூண்டில் போடும் பைத்தியம் உண்டு. இறகில் கட்டிய போலிப் பூச்சியைச் சாட்டை மாதிரி வீசி மீன் பிடிப்பது. ஆற்றில் செய்ய வேண்டிய காரியத்தைக் கடலில் செய்கிறவர்கள் கிளாங்கில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அதில் மீனோடு வீடு திரும்புகிறவர்கள் இன்னும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புலாவ் கெத்தாம் தீவுப் பக்கம் பெரிய தலாங் ஒன்று அவருடைய பூச்சியைக் கவ்வி ஓடியது. ஓடுகிற மீனுக்கு நூலை அளவாக விட்டுக்கொடுப்பது, தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் ரீலுக்குள் இருக்கும் டிராக்கின் வேலை. அது ஒரு பிரேக். ஒரு கார்க் வில்லை உலோகத்தில் உரசி நிற்கும், வெளியே உள்ள திருகால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். சுகுமாறன் அந்த வருடம் முழுக்க ரீலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உப்புப் பூத்து இறுகிப்போயிருந்த டிராக் ஓர் அங்குலம்கூட விடவில்லை. நூல் அறுந்தது, மீன் போய்விட்டது. அடுத்த பௌர்ணமியன்று குப்பை கொட்டப் பின்சந்துக்குப் போனவர் அப்படியே மேற்கே போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையின் தடுப்பில் முட்டி மதியம்வரை நின்றுவிட்டு, கிராப் டாக்சி பிடித்து வீடு வந்தார். மீன் பிடிக்கப் போனவரை மீன் பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அவர் மனைவி குமுதா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறவள். எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும் அவளுக்கு. முதலில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். சமையலறையின் மேற்குச் சுவரில் காலண்டர்போல ஒட்டிக்கொண்டு நின்றார், சுவரில் விரிசல் விட்டது. பிறகு லோரிக் கயிற்றால் கேட் தூணில் கட்டினாள். கட்டினால் கடலுக்குக் கோபம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. கயிறு விறைக்க விறைக்க இழுப்பும் ஏறியது. மதியத்துக்குள் மனிதர் மூச்சுத் திணறி நீலமாகிவிட்டார். அன்று குமுதா அழுதாள். செய்தி கேட்டு, கிளாங்கில் தூண்டில் கடை வைத்திருக்கும் லோகன் வந்து பார்த்தான்.

"அண்ணே, மீன கயித்துல கட்டியா புடிக்கிறோம்? விட்டுத்தானே புடிக்கணும். ரீல் இருக்குல்ல, அதப் போடுங்க லா."

தலாங்கைத் தவறவிட்ட அதே ரீலை உப்பு நீக்கிச் சரிசெய்து, கேட் தூணில் ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டும் பட்டையைச் சுகுமாறனுக்குக் கட்டி, முதுகுப் பக்கத்து வளையத்தில் நூலை முடிந்தார்கள். நூலை விட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பு சாதுவாகவே இருந்தது. ஒரு நல்ல தலாங்கின் பலம், அதற்கு மேல் இல்லை. குமுதா திருகை இறுக்கியே வைத்திருப்பாள். அவர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து சந்துமுனையின் விளக்குக் கம்பம்வரை போவதற்குள் மதியமாகிவிடும். பிறகு அவள் கைப்பிடியைச் சுற்றி அவரை வீட்டுக்கு இழுத்துக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் லீவு போட்டாள். பௌர்ணமி விரதம், அமாவாசை விரதம் என்று கிளினிக் டாக்டரே நினைத்துக்கொண்டு அவளை ரொம்ப பக்தியான பெண் என்று எல்லோரிடமும் சொன்னார். அவளும் மறுக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், விளக்குக் கம்பத்தைத் தாண்டாத நூல் ஒவ்வொரு முறையும் உப்புநீர் சொட்டச் சொட்டத்தான் திரும்பிவரும். சில நேரம் பாசி ஒட்டியிருக்கும். அதனால் கடலுக்குப் போய்வந்த ரீலுக்கு என்ன பராமரிப்போ அதை அப்படியே செய்ய வேண்டியிருந்தது. பட்டுத் திருந்திய சுகுமாறன் இதில் படு கறாராகிவிட்டார். முதலில் திருகை நன்றாக இறுக்கி, உள்ளே நீர் புகாமல், குழாயை மெல்லத் திறந்து கழுவுவார். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் திருகைத் தளர்த்தி, நூல் சுற்றிய சக்கரத்தைக் கழற்றி, தண்டைத் துடைப்பார். கார்க் வில்லையில் டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை ஒரு மிளகளவு எடுத்துத் தடவி, தடவியதில் பாதியைத் துடைத்தும் எடுப்பார். ஒரு பக்கம் மட்டும் சுழலும் சிறிய பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரே சொட்டு. அங்கே கிரீஸ் பட்டால் பிடி வழுக்கிவிடும். பிறகு நிழலில் உலர்த்தி, அடுத்த இழுப்புவரை திருகு தளர்ந்தபடியே வைப்பார். இறுக்கி வைத்த கார்க் நசுங்கிச் செத்துவிடும் என்பார்.

"கழுவறப்ப டைட், வைக்கறப்ப லூஸ். இத மட்டும் மறந்துறாத குமுதா."

"பல்லு கொடையற மெஷினுக்குத் தெனம் எண்ண போடறவ நான். எனக்கே பாடமா?"

அவளுக்கு உறுத்தியது எண்ணெய் அல்ல. இழுபடும்போது சுகுமாறன் முகத்தில் பதற்றமே இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட வீட்டுப் பக்கம் திரும்பியதில்லை. திரும்ப முடியவில்லையா, திரும்பத் தோன்றவில்லையா என்று அவள் கேட்கவில்லை. நூல் மட்டும் இல்லையென்றால் இந்த மனிதர் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாரா, போயே விடுவாரா? மூன்று வருடம் கொமுட்டரில் போகும்போதும் வரும்போதும் அவள் யோசித்தது இதைத்தான். யோசித்துவிட்டு அடுத்த முறை திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குவாள்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று சுகுமாறனுக்கு லீவு கிடைக்கவில்லை. குமுதா காரைக் கழுவிப் பொட்டு வைத்தாள், தையல் மெஷினுக்கும் மிக்சிக்கும் வைத்தாள். கடைசியில் தாங்கியிலிருந்து ரீலைக் கழற்றிக் கொண்டுவந்தாள். குடும்பத்தைக் காப்பாற்றுகிற ஆயுதம் எது என்று கேட்டால் அந்த வீட்டில் வேறு எதைச் சொல்ல முடியும்? வருடம் முழுக்க மிளகளவு கிரீஸை வாங்கிக்கொண்டு உழைத்த பொருளைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, கார்க் வில்லையின்மேல் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள், பேரிங்குக்கும் விட்டாள். சந்தனம் குழைத்து நடுவில் அப்பி, குங்குமம் வைத்தாள். மூடும்போது, பூஜையில் வைத்த ஆயுதம் அசையக்கூடாது என்று திருகை முடிந்த மட்டும் இறுக்கினாள். சூடம் காட்டி, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அலமாரியில் வைத்தாள். அவ்வளவும் அன்பில் செய்தது. அலமாரியில் சாமியோடு இருக்கும் பொருளைத் தொட சுகுமாறனுக்கும் மனம் வரவில்லை. பௌர்ணமிவரை அது அங்கேயே இருந்தது.

அந்தப் பௌர்ணமிக்கு வருடத்திலேயே பெரிய ஏற்றம். கால்வாய் ஓரத்து வீடுகளில் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். ரீலைத் தாங்கியில் மாட்டிய கொஞ்ச நேரத்தில் இழுப்பு தொடங்கியது. டிராக் அசையவில்லை. எண்ணெய் குடித்து ஊறிய கார்க் சந்தனத்தோடு சேர்ந்து களிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் விறைத்தது, கடலுக்குக் கோபம் ஏறியது, சுகுமாறன் மூச்சு வாங்கினார். குமுதா பதறித் திருகைத் தளர்த்தியதும் ஒட்டு விட்டது. விட்டபின் பிடிக்கவே இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் எண்ணெயில் வழுக்கிச் சுழன்றது. விளக்குக் கம்பத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி அவர் போய்க்கொண்டிருந்தார். நூல் தீருவதற்குள் அவள் தாங்கியின் ஆணியைப் பிடுங்கி, ரீலைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சுழலும் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் வேகம் குறைந்தது. தோல் உரிந்தது. அப்படியே கொள்கலன் கிடங்குகளையும் தண்டவாளத்தையும் கடந்து, தஞ்சோங் ஹராப்பான் கடல்முனைக்கு இப்பால் கரை வந்து சேர்ந்தார்கள். லோரிக்காரர்கள் நூலுக்காக நிறுத்தி வழிவிட்டதைச் சொல்ல வேண்டும். ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

கரையில் நீர் இறங்கி வெறும் சேறு கிடந்தது. சுகுமாறன் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கினார். குமுதா தொடர்ந்தாள், பத்தடியில் முழங்கால் புதைந்தது, அடுத்து தொடை. இனி நகர முடியாது என்றானதும் அவளே தூணாகிவிட்டாள். சேறு அவளைப் பிடித்தது, அவள் ரீலைப் பிடித்தாள். சக்கரத்தில் நூல் சில சுற்றுகள்தான் மிச்சம். அடியில் வெறும் உலோகம் தெரிந்தது. அவர் மார்பளவு நீரில் மேற்குப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். சக்கரத்தின் விளிம்பிலிருந்து அவள் கை ரத்தம் சொட்டியது. அவளுக்கு வலியைவிடப் பயம்தான் அதிகம். வாய்விட்டு அவர் பெயரைக் கத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

சுகுமாறன் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"குமுதா, ஒன் காலு எங்க?"

"சேத்துல."

"தூக்க முடியுதா?"

"முடியலங்க."

மாலையில் அந்தச் சேற்றுக்கு மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பது ஞாயிற்றுக்கிழமைகளை அங்கேயே கழித்தவருக்குத் தெரியும். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் முழு உடம்போடும் கரைப் பக்கம் திரும்பினார். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி, நூலைப் பற்றி, ஒரு கை மாற்றி ஒரு கையாகக் கடலை எதிர்த்து வந்தார். கடல் அவர் முதுகைப் பிடித்து இழுத்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. தளர்ந்த நூலை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் வந்து சேர்ந்ததும், மூச்சு வாங்கியபடி ரீலை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"உள்ள என்னத்த ஊத்துன?"

"நல்லெண்ண."

"கார்க்குக்கா?"

"பூஜைக்குங்க."

அவர் சிரித்தார். அவள் அழுதாள். அதற்குள் லோரிக்காரர்கள் சொல்லி லோகன் பலகையும் கயிறுமாக வந்து இருவரையும் கரையேற்றினான். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்திருந்ததால் இழுக்கச் சிரமமாக இருந்தது என்று பின்னாளில் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வான்.

கடல் இழுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. லோகன் புதுக் கார்க் வில்லை வரவழைத்துக் கொடுத்தான். உள்ளங்கை ஆறியபின் ரீல் பராமரிப்பைக் குமுதா எடுத்துக்கொண்டாள். மிளகளவு கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு, நிழலில் உலர்த்தல், தளர்ந்த திருகு. கிளினிக்கில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இழுப்பு நாட்களில் திருகை அவள் முன்னைப்போல இறுக்குவதில்லை. இப்போது அவர் விளக்குக் கம்பத்தைத் தாண்டி, மூலையிலிருக்கும் சீனர் காப்பிக் கடைவரை போகிறார். நூல் முதுகுக்குப் பின்னால் நீண்டிருக்க, மேசைக் காலில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். பேப்பர் படிக்கிறார். மதியம் அவள் சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து, அவளுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு பொட்டலம் காப்பி வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி வருகிறார். டிராக் சரியாக இருந்தால் காப்பி சிந்தாது. போன பௌர்ணமிக்கும் சிந்தவில்லை.