ஐந்து நிமிட அறிமுகம்

இணையவழி மாநாட்டின் மூன்றாம் நாள், மதியம் இரண்டரை மணி. சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்தது. எதிரே மனிதர் இருந்தால் சிரிப்பு தானாக வரும். கணினியின் தலையிலிருக்கும் பொட்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கத் தனித் தெம்பு வேண்டும். அது எனக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டது.

ஆய்வகத்தில் நாலு பேர் பார்த்தால் நாலு கேள்வி வரும் என்று நுண்ணோக்கி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. பதினான்கு வருஷமாக மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை எண்ணியவளுக்கு அடுத்த மாதம் எண்ண ஒன்றும் இல்லை. "இதுவும் சரிப்படலைன்னா விட்டுடு, வேற ஏதாவது பாத்துக்கலாம்" என்று காலையில் கணவர் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை விடுவதாம்?

எங்கள் துறையில் பெரிய புள்ளி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மண்ணம்மா. தன் ஆய்வகத்தில் ஓர் இடம் காலி, இந்த மாநாட்டில் ஆளோடு பேசிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று வலைத்தளத்தில் எழுதியிருந்தார். அங்கே நான் அனுப்பிய அறிமுகக் கோரிக்கை இரண்டு மாதமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மிச்சமிருந்த ஒரே வழி மாநாட்டின் 'அறிமுக அறை'. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் முந்நூறு பேரில் யாராவது ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஐந்து நிமிடம் ஆனதும் தானே துண்டித்துவிடும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. இத்தனை விஞ்ஞானிகள் கூடி யோசித்துக் கண்டுபிடித்தது கடைசியில் குலுக்கல் சீட்டு!

முதல் வாய்ப்பில் சோதனைக் குழாய் விற்பவர் வந்தார். விலைப்பட்டியலை முழுசாக ஒப்பித்தார். இரண்டாவதில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்.

"தெரியாம எதையோ அமுக்கிட்டேன்மா. இதுலேருந்து எப்படி வெளிய போறது?"

ஐந்து நிமிடமும் அவருக்கு அந்தச் சிவப்புப் பொத்தானைக் காட்டிக்கொடுப்பதிலேயே போயிற்று. "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை அழுத்துமுன் தண்ணீர் குடித்தேன், முடியை ஒதுக்கிக்கொண்டேன். திரை திறந்தது. பின்னால் கையுறைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எங்கள் சாமான் அறை! பெட்டிகளுக்கு முன்னால் தம்பி.

கூடப் பிறந்தவன் இல்லை. ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரன். முப்பத்திரண்டு வயது, முனைவர் பட்டம் வாங்கியவன், இரண்டு வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் ஒப்பந்தமும் மாதக் கடைசியில் முடிகிறது.

"பல்வலி, லீவுன்னு சொன்னே?" என்றேன்.

"நீங்க மைக்ராஸ்கோப் பாக்கணும்னு சொன்னீங்க?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்று நாளில் நான் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

"சரி, மண்ணம்மா உனக்காவது கெடைச்சாங்களா?"

அவன் கீழே பார்த்தான். "ரெண்டாவது ரவுண்டுல."

"அடப்பாவி! யோகக்காரன்டா நீ." வயிறு எரிந்தது. இருந்தாலும் கேட்டேன். "என்ன பேசினாங்க?"

"மண்ணு காயுற எக்ஸ்பெரிமென்ட் பத்திதான். யாரு பண்ணதுன்னு கேட்டாங்க." பெட்டி ஒன்றின் ஓரத்தைப் பிய்த்தான். "நான்னு சொல்லிட்டேன்க்கா."

அது என் வேலை. கட்டுரையில் ஆய்வகத்தில் எல்லார் பெயரும் உண்டு, பின்னால் வந்த இவன் பெயரும். அறுபது தொட்டிகளில் ஈர மண்ணைக் காயவிட்டு, அறுபது நாள், தினமும் காலையில் ஒரு சிட்டிகை எடுத்து எண்ணியது நான். அப்போது இவன் இந்தக் கட்டடத்திலேயே இல்லை.

"என்னடா சொல்றே?"

"இன்டர்வியூவுக்குத் தயார் பண்ற அந்த ஆன்லைன் வகுப்புல சொன்னாங்கல்ல, 'நாங்க'ன்னு சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க, 'நான்'னு சொல்லுங்கன்னு. வாய் தவறி... இல்லக்கா, தவறல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"வெக்கமா இல்ல உனக்கு? பக்கத்துல உக்காந்துக்கிட்டு அக்கா அக்கான்னு..."

திரை அணைந்தது. இந்தச் சந்திப்பு எப்படி இருந்தது, நட்சத்திரம் இடுங்கள் என்றது.

மிச்சத்தை நேரில் திட்டிவிடுவதென்று எழுந்து போனேன். தாழ்வாரத்தில் இருபது அடி நடப்பதற்குள் கோபம்கூடக் களைத்துவிட்டது. சாமான் அறை வாசலில் போனும் கையுமாக நின்றான். முகம் செத்துக் கிடந்தது.

"திட்டுங்கக்கா."

"தெம்பில்ல. விடுடா" என்று திரும்பி நடந்தேன்.

விடவில்லை. "அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்றேன்னு சொல்லிட்டேன்." குரல் உள்ளே போயிற்று. "கிராஃப்ல நாப்பத்தொண்ணாவது நாள் புள்ளி மட்டும் இல்லியே, ஏன்னு கேக்கறாங்க. உங்ககிட்டக் கேக்கக் கூடாதுதான். வேற யாருகிட்டக் கேப்பேன்?"

கட்டுரையை வெளியிடுமுன் மதிப்பிட்ட மூன்று நிபுணர்கள் கேட்கவில்லை. என் வழிகாட்டி கேட்கவில்லை. கணவர்கூட அந்தப் படத்தை உற்றுப் பார்த்ததில்லை. மண்ணம்மா பார்த்திருக்கிறார்.

"அன்னைக்குக் காலையில எங்க அப்பா செத்துட்டாரு. மண்ணு எடுக்க ஆளில்ல" என்றேன். "மறுநாளே வந்து நாப்பத்திரெண்ட எடுத்துட்டேன். எழுதிக்கோ. அதையும் உன்னோடதுன்னே எழுதிக்கோ."

அவன் எழுதவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் தேற்றவில்லை.

நுண்ணோக்கி அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது போனில் செய்தி வந்து விழுந்தது. மண்ணம்மாவின் சொந்த மின்னஞ்சல் முகவரியை அனுப்பியிருந்தான், வேறு ஒரு வார்த்தை இல்லாமல். கணினியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அப்பா இறந்த நாளை, வேலை கேட்டு எழுதும் கடிதத்தின் முதல் வரியாக அடிக்க ஆரம்பித்தேன்.