முப்பதாவது ஆள்

யாருக்கும் எந்த நல்லதும் நடந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் கமலவேணி. மனநலம் படிக்கிற பெண்ணின் வேண்டுதல் இது!

என்ன செய்வது, அவள் ஆய்வு அப்படி. மனம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று, பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் ஐந்தே கேள்விகளில் அளக்கும் தாளை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். இடையில் முக்கியமாக ஏதாவது நடந்திருந்தால் அந்தத் தாள் கணக்கில் சேராது. செலண்டாரில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகித் தொலைத்தது. சிம்பாங் அம்பாட்டில் ஒருவருக்குப் பேரன் பிறந்து தொலைத்தான். தேறியது இருபத்தொன்பது. இன்று மாலைக்குள் முப்பது இல்லாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். மிச்சம் ஜவுளிக்கடை இப்ராஹிம் மட்டும்.

அவரை அவள் மலைபோல நம்பியிருந்தாள். போன முறை ஐந்துக்கும் பூஜ்யம் போட்டவர். மனைவியின் தையல் மெஷினைக் கேட்காமல் கொள்ளாமல் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ரஷீதா அவரோடு பேசுவதில்லை.

இப்போது அதே மனிதர் பாடிக்கொண்டே துணி கிழித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா! குளிரா ரோஸ் சிராப் குடி லா!"

"பாய், ஏதாச்சும் நடந்துச்சா?"

"காலையில பேசிட்டாம்மா!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். "கவலப்படாத. வியாபாரி சொன்ன சொல்லு மாற மாட்டான். போன தடவ போட்டத காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன், அஞ்சும் முட்ட. அதையே போட்டுத் தர்றேன். ஒன்னும் நடக்கல, ஓக்கே?"

கமலவேணி மறுக்கவில்லை. பேனாவையே நீட்டிவிட்டாள்.

"ஒன்னும் நடக்கலையா?" துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ரஷீதா எழுந்து வந்தாள். "காலண்டர்ல சந்தோஷம்னு எழுதி முட்ட போட்டிருந்தீங்களே, அதப் பார்த்து மனசு கேக்காமதான் பேசினேன். நான் பேசினது ஒன்னுமில்லையா?"

இப்ராஹிம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். அவள் மறுபடி பேச்சை நிறுத்தினால் அவர் தாங்க மாட்டார்.

"நடந்துச்சுன்னு போடுங்க பாய்," என்றாள் கமலவேணி. சொன்னது தான்தானா என்று அவளுக்கே வியப்பு. "நல்லா பெரிசா போடுங்க."

தாள் கிழியும்படி போட்டார். போன முறை முட்டை விழுந்த ஐந்து இடத்திலும் இப்போது ஐந்து.

"இந்தத் தாளு உனக்கு உதவுமா?" என்றாள் ரஷீதா.

"சத்தியமா உதவாதுக்கா." சொல்லும்போதே கமலவேணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வருடமே போய்விட்டது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. சிராப்பை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அடுத்த வருஷம் திரும்ப வருவேன் பாய். அந்த ரெண்டு வாரம் மட்டும் அக்காகூட சண்டையும் வேணாம், சமாதானமும் வேணாம்!"