ஃபேன் போடக்கூடாது

அம்மா போய் ஒரு வாரம் கழித்து, கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல இல்லை. தப்பு அவனுடையது என்று எண்ணால் நிரூபிக்கப் போனேன். எனக்கு அழுகையே வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கோபம் ஒன்றுதான் வேலை செய்தது.

நான் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவள். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் தேவைப்பட்டதும், இரண்டு பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டரை நானே மாட்டிக் கொடுத்தேன். கூடவே தம்பிக்கு ஒரே ஒரு சட்டம்: கரண்ட் போனால் மெஷின் மட்டும்தான் ஓடணும், ஃபேன் போடக்கூடாது.

அன்றைக்கு மதியம் கரண்ட் போனது. தம்பி ஃபேனைப் போட்டான். பேக்கரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே அசந்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து, கரண்ட் வந்தபின் கண் விழித்தால் அம்மாவுக்கு மூச்சில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஃபேனால் இன்வெர்ட்டர் நின்றது, அதனால் மெஷின் நின்றது என்றேன் நான், சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும்.

இப்போது மெயினை அணைத்தேன். மெஷின், ஃபேன் இரண்டையும் போட்டேன். காலித் தலையணையில் கிடந்த குழாய் காற்றை ஊதியது.

மெஷினின் ஒயரை மீட்டரின் கவ்விக்குள் விட்டேன். ஒன்றரை ஆம்பியர். இருநூற்று முப்பது வோல்ட்டால் பெருக்கினால் 345 வாட். ஃபேனுக்கு 0.3 ஆம்பியர், அதாவது 69 வாட். மொத்தம் 414. இன்வெர்ட்டர் எண்ணூறு தாங்கும்.

விடுவேனா? பேட்டரி முனையில் ஒயர் சரியாக உட்காராவிட்டால் மின்தடை கூடி, வோல்ட் அங்கேயே வீணாகும். அதையும் பார்த்தேன். அந்த இணைப்பில் வீணானது 0.02 வோல்ட், ஓடியது இருபது ஆம்பியர். வகுத்தால் மின்தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புதுசு மாதிரி இருந்தது.

மிச்சம், பேட்டரி அவ்வளவு நேரம் தாங்குமா என்பதுதான். இரண்டு மணி நேரமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி பாதிகூட இறங்கவில்லை.

"மெஷின் நின்னிருக்காதுடா. உன்மேல தப்பில்ல" என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்ப ஃபேன் போடக்கூடாதுன்னு ஏன்க்கா சொன்ன?"

ஊரில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் வாட் கணக்குப் போட்டுத் தருகிறவள் நான். இந்த வீட்டுக்குப் போடவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சட்டமாக்கிவிட்டேன்.

"கரண்ட் போறப்பல்லாம் அம்மா கேப்பாங்க" என்றான். "புழுங்குதுடா, கொஞ்சம் போடேன்னு. அக்கா திட்டும்மான்னு சொன்னா பேசாம படுத்துக்குவாங்க. அன்னிக்குப் பாக்க முடியல. போட்டுட்டேன்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"அப்பாடான்னாங்க."

மெயினைப் போட்டேன். மெஷினை நிறுத்தி, குழாயைச் சுருட்டி வைத்தேன். ஃபேனை இரண்டு பேருமே நிறுத்தவில்லை.